தோல் தொழில் வட்டாரத்தில் வீட்டு மின்கட்டணச் சலுகை: ஒரு வரலாறு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பகுதி தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரம் எனப்படுகிறது. 2019 நவம்பர் வரை இவ்வூர்கள் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இன்று அவை வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்னும் மூன்று மாவட்டங்களில் உள்ளன. தோல் பதனிடும் கூடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோர், வீட்டிலிருந்தபடி காலணி தைப்போர், பீடி சுற்றுவோர், குடியாத்தம் பகுதியின் நெசவாளர் ஆகியோரின் குடும்பங்கள் இங்கு மிகுதி. குறைந்த வருமானம் உள்ள இக்குடும்பங்களுக்கு மின்கட்டணம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தமிழக அரசு பல சலுகைகளை அளித்துவருகிறது. குடிசைக்கு ஒரு விளக்கு, குறைந்த நுகர்வுக்குக் குறைந்த கட்டணம், இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம், நெசவாளருக்குத் தனி ஒதுக்கீடு ஆகியவை அவற்றில் முதன்மையானவை. இச்சலுகைகள் தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அவை இவ்வட்டாரத்துக் குடும்பங்களைச் சென்றடைந்த விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரம் வந்த வழி

தமிழகத்தில் அரசு நீர்மின் திட்டங்கள் 1932ல் பைக்காராவில் தொடங்கின. 1937ல் மேட்டூர் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் அதன் மின்சாரம் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. பின்னர் தமிழ்நாடு மின்சார வாரியம் என்று பெயர் மாறிய அந்நிறுவனமே மாநிலமெங்கும் ஊர்களுக்கு மின்கம்பி இழுத்தது.

அக்காலத் தோல் தொழிலுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படவில்லை. ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் தோலைப் போட்டுப் பதனிட்டு, பாதி முடிந்த சரக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, பதனிடாத தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு 1970களில் கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பதே நோக்கம். இதனால் மோட்டாரில் சுழலும் பதனிடு பீப்பாய்களும், தோலைச் சீவி மெருகூட்டும் இயந்திரங்களும், காலணித் தையல் கூடங்களும் பெருகின. தொழில் மின்சாரத்தைச் சார்ந்ததாக மாறியது. தொழிலாளர் குடியிருப்புகளும் ஊரோரங்களில் வளர்ந்தன.

குடிசைக்கு ஒரு விளக்கு

ஏழைக் குடும்பங்களுக்கான மின்சலுகையில் பழமையானது குடிசை மின்இணைப்பு. மின்மானி இல்லாமல் ஒரு விளக்குக்கு மட்டும் இணைப்பு தரப்படும். கட்டணத்தை அரசு ஏற்கும். மத்திய அரசும் 1988-89ல் குடீர் ஜோதி என்ற பெயரில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள ஊரகக் குடும்பங்களுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு தரும் திட்டத்தைத் தொடங்கியது.

மின்கட்டண வீதப்பட்டியில் குடிசைக்குத் தெளிவான வரையறை உண்டு. பரப்பு 250 சதுர அடிக்கு மிகக்கூடாது. சுவர் மண்ணால் ஆனதாக இருக்க வேண்டும். கூரை ஓலை, ஓடு, கல்நார்த் தகடு, இரும்புத் தகடு போன்றவற்றால் ஆனதாக இருக்க வேண்டும். விளக்கின் திறன் 40 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. 2006க்குப் பின் அரசே இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. 2011க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கியது. இவற்றைக் குடிசையிலும் பயன்படுத்தலாம் என்று விதிகளில் இடமளிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஒரு விளக்குப் போதும் என்ற பழைய கணக்கு இவ்வாறு அரசின் கையாலேயே மாறியது.

இவ்வரையறையில் ஒரு சிக்கலும் இருந்தது. சலுகை கிடைத்தது குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து அல்ல, வீட்டின் சுவரையும் கூரையையும் பார்த்து. 2010ல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் போன்றவற்றால் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாயின. வீடு மாறியதும் குடிசைக்கான தகுதி போய்விடும். மின்மானி வைத்த சாதாரண வீட்டு இணைப்புக்கு மாற வேண்டும். வருமானம் உயராமலே மின்கட்டணம் கட்டும் குடும்பமாக அது ஆகிவிடும்.

அரசியலும் சட்டமும்

தமிழகத்தில் மின்கட்டணம் தொடக்கம் முதலே அரசியல் பொருளாக இருந்தது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையிலான விவசாயிகள் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினர். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003ல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதும் அதே அரசு அதைத் திரும்பக் கொடுத்தது. கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்றாயிற்று.

இதற்கிடையில் சட்ட ஏற்பாடு மாறியது. 1999ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு அதனிடம் சென்றது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, ஏதேனும் ஒரு பிரிவினருக்குச் சலுகை தர விரும்பும் மாநில அரசு அதற்கான தொகையை மின்நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். எனவே இன்று ஆணையம் அறிவிக்கும் கட்டணம் ஒன்றாகவும், மக்கள் செலுத்தும் கட்டணம் வேறொன்றாகவும் உள்ளன. இடையிலுள்ள வேறுபாட்டை அரசு கருவூலத்திலிருந்து கட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் தேசிய மின்கட்டணக் கொள்கை, மாதம் 30 யூனிட் போன்ற சிறு அளவு பயன்படுத்தும் வறிய குடும்பங்களுக்குத் தனி ஆதரவு தரலாம் என்றது. ஆனால் அவர்களது கட்டணமும் சராசரி வழங்கு செலவில் பாதிக்குக் குறையக்கூடாது என்றும் கூறியது. தமிழகம் அந்த எல்லையைத் தாண்டிச் சென்றது.

சலுகைச் செலவின் ஒரு பகுதியைத் தொழிற்சாலைகள் சுமக்கின்றன. இது குறுக்கு மானியம் எனப்படும். 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், இரு மாதங்களுக்கு 100 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடு யூனிட்டுக்கு 1 ரூபாய் செலுத்தியது. உயரழுத்த இணைப்பு பெற்ற தொழிற்சாலை 5 ரூபாய் 50 காசு செலுத்தியது. காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போது, அவ்விளக்கின் செலவில் ஒரு பங்கைத் தொழிற்சாலை ஏற்கனவே கட்டியிருக்கிறது. ஏற்றுமதிப் போட்டியில் தங்கள் செலவு கூடுவதாகத் தொழில் நிறுவனங்கள் முறையிட இது ஒரு காரணம்.

மின்வெட்டுக் காலம்

2008 நவம்பரில் தமிழகத்தில் மின்கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. 2012ல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. அதே ஆண்டு கட்டணமும் உயர்ந்தது. பெரிய தொழிற்சாலைகள் ஜெனரேட்டர் வைத்துச் சமாளித்தன. வீடுகளுக்கு அந்த வழி இல்லை. மே மாதத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வேலூரில் வழக்கம். கல்நார்க் கூரைக்கு அடியில் விசிறி நின்றுவிட்டால் இரவில் உறக்கம் இல்லை. மறுநாள் வேலைக்குச் செல்பவர்களுக்கு அது உடல்நலப் பிரச்சினை.

2012 கட்டணத்தின் அடுக்கு முறையும் பேசப்பட்டது. மொத்த நுகர்வு எந்த அடுக்கில் விழுகிறதோ அந்த அடுக்கின் விலையே முதல் யூனிட்டிலிருந்து கணக்கிடப்பட்டது. 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 1 ரூபாய் 50 காசு. ஆகவே 200 யூனிட்டுக்கு 300 ரூபாய். ஒரு யூனிட் கூடி 201 ஆனால் முதல் 200க்கு 2 ரூபாய் வீதமும் மீதி ஒன்றுக்கு 3 ரூபாயும் சேர்ந்து 403 ரூபாய், நிலைக்கட்டணம் நீங்கலாக. ஒரே ஒரு யூனிட்டின் விலை 103 ரூபாய் ஆயிற்று. கணக்கீட்டாளர் இரண்டு நாள் தாமதமாக வந்து மீட்டர் அளவை எடுத்தால்கூட அடுக்கு மாறிவிடும் என்ற அச்சம் இதனால் எழுந்தது. இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதை மாற்றி மாதந்தோறும் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2021 தேர்தலில் தி.மு.க. அதை வாக்குறுதியாகவும் தந்தது.

நூறு யூனிட் இலவசம்

2016 மே 23 அன்று ஆறாம் முறையாக முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெ. ஜெயலலிதா, அன்றே சில ஆணைகளில் கையெழுத்திட்டார். எல்லா வீடுகளுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது அவற்றில் ஒன்று. கைத்தறி நெசவாளருக்கு 200 யூனிட், விசைத்தறிக்கு 750 யூனிட் என்ற உயர்வும் அதே நாளில் வந்தது. 78 லட்சம் வீடுகள் கட்டணமே செலுத்த வேண்டியிராது என்றும், ஆண்டுக்கு 1,607 கோடி ரூபாய் செலவாகும் என்றும் அரசு அறிவித்தது.

இச்சலுகைக்கு வருமானச் சான்றோ குடும்ப அட்டையோ தேவையில்லை. மாளிகைக்கும் முதல் 100 யூனிட் இலவசமே. விண்ணப்பம், பரிசோதனை, இடைத்தரகர் எதுவும் இல்லாததால் ஏழைகள் எவரும் தாளில் பெயர் இல்லாமல் விடுபடுவதில்லை. இது இம்முறையின் வலிமை. வசதியுள்ளோருக்கும் பணம் செல்வது இதன் குறை.

வேறு நாடுகளின் வழி வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975ல் சட்டம் இயற்றி, அடிப்படைத் தேவைக்கான அளவு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் குறைந்த விலை வைத்தது. தமிழகத்தின் அடுக்கு முறை இதை ஒத்தது. 1981 முதல் அமெரிக்க மத்திய அரசு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீட்டு எரிசக்திச் செலவில் உதவி தருகிறது. அதற்கு வருமான வரம்பு உண்டு. பிரிட்டனில் 2011ல் தொடங்கிய திட்டம், தகுதியுள்ள குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் தள்ளுபடி அளிக்கிறது. அங்கே வீட்டைச் சூடாக்குவது கவலை. வேலூரில் வீட்டைக் குளிர்விப்பது கவலை. இந்தியாவில் 2019ல் டெல்லியும் 2023ல் கர்நாடகமும் மாதம் 200 யூனிட் வரை இலவசத் திட்டங்களைக் கொண்டுவந்தன.

நூறு யூனிட்டில் என்ன நடக்கும்

ஒரு 40 வாட் விளக்கு நாளுக்கு 6 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் சுமார் 14 யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 54 யூனிட். 70 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரம் ஓடினால் சுமார் 17 யூனிட். மூன்றும் சேர்ந்து 85. மிக்சிக்கும் கைப்பேசிக்கும் சிறிது இடம் உண்டு. இரண்டாவது விசிறி சுழன்றால் எல்லை கடந்துவிடும். ஒற்றை அறையில் வாழும் ஒரு குடும்பத்துக்கு இச்சலுகை ஏறத்தாழ முழுச் செலவையும் ஈடுகட்டுகிறது என்பது இக்கணக்கின் பொருள்.

ஆனால் சலுகையின் அலகு குடும்பம் அல்ல, மின்இணைப்பு. தொழிலாளர் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். வரிசையாகக் கட்டிய சிறு அறைகளுக்கு ஒரே மீட்டர் இருப்பதும், உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்குவதும் தமிழக நகரங்களில் பரவலான வழக்கம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 85 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு குடும்பங்கள் ஒரு மீட்டரில் இருந்தால் 170 யூனிட்டுக்கு 157 ரூபாய் 50 காசு. மூன்று குடும்பங்கள் இருந்தால் 255 யூனிட்டுக்கு 472 ரூபாய் 50 காசு. ஆறு குடும்பங்கள் இருந்தால் 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். ஒவ்வொரு குடும்பமும் இலவச அளவுக்குள் இருந்தும், சேர்ந்து வாழ்வதால் அவை அதிக நுகர்வோருக்கான விலையைக் கட்டுகின்றன. தனி இணைப்பு பெற வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கேட்கப்படுவதால் வாடகைதாரர் தாமாக இதை மாற்றுவது எளிதல்ல.

நெசவாளரும் தைப்பவரும்

வீடே வேலையிடமாக உள்ள இரு பிரிவினரைச் சலுகை விதிகள் வெவ்வேறாக நடத்துகின்றன. குடியாத்தம் லுங்கி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறி நெசவாளருக்கு 2006ல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் தரப்பட்டது. அது 2016ல் 200 ஆகவும், 2023 மார்ச் முதல் 300 ஆகவும் உயர்ந்தது. விசைத்தறிக்கான அளவு 500, 750, 1,000 என்று கூடியது. கைத்தறியை இயக்க மின்சாரம் தேவையில்லை. நெசவாளர் வேலை செய்ய வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதே சலுகையின் நியாயம்.

அதே நியாயம் ஆம்பூர்ப் பகுதியில் காலணி தைக்கும் பெண்களுக்கும் பொருந்தும். அப்பர் எனப்படும் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலையைத் தொழிற்சாலைகள் இடைத்தரகர் வழியாக வீடுகளுக்கு அனுப்புகின்றன. தைப்பதற்குக் கூர்மையான பார்வையும் நல்ல வெளிச்சமும் தேவை. கூலி சோடிக் கணக்கில் தரப்படுகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் ஆகும் மின்சாரம் தைப்பவரின் செலவு. பீடி சுற்றும் பெண்களின் நிலையும் இதுவே. நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கமும், கைத்தறித் துறையும், பதிவேடும் உண்டு. வீட்டிலிருந்து காலணி தைப்பவருக்கு அவ்வாறான பதிவு இல்லை. ஆகவே பொதுவான 100 யூனிட்டைத் தவிர அவருக்கென்று தனிச் சலுகை எதுவும் உருவாகவில்லை. தொழில்வாரியான சலுகை தேவையைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை, தொழிலாளரின் அமைப்பு வலிமையையும் பொறுத்து அமைகிறது என்பதற்கு இவ்வட்டாரம் ஓர் எடுத்துக்காட்டு.

2022க்குப் பின்

2014க்குப் பின் எட்டு ஆண்டுகள் கட்டணம் உயர்த்தப்படவில்லை. 2010 நவம்பரில் வாரியத்திலிருந்து பிரிந்து உருவான மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் கடன் இக்காலத்தில் பெருகியது. 2017 ஜனவரியில் தமிழகம் உதய் திட்டத்தில் சேர்ந்து 22,815 கோடி ரூபாய்க் கடனை அரசின் கணக்கில் ஏற்றது. அப்படியும் 2022ல் கழகத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

2022 செப்டம்பர் 10 அன்று புதிய கட்டணம் வந்தது. முதல் 100 யூனிட் இலவசம் தொடர்ந்தது. 200 யூனிட்டுக்கான கட்டணம் 170 ரூபாயிலிருந்து 225 ரூபாய் ஆயிற்று. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாயிலிருந்து 1,725 ரூபாய் ஆயிற்று. வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. 200 யூனிட்டைத் தாண்டும்போது ஏற்பட்ட திடீர் உயர்வு இல்லாமற்போனது. 201 யூனிட்டுக்கு 229 ரூபாய் 50 காசுதான். 500 யூனிட் எல்லையில் மட்டும் அந்த உயர்வு நீடித்தது. 501 யூனிட் பயன்படுத்துவோர் 1,958 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் மின்இணைப்பு எண்ணுடன் ஆதாரை இணைக்கும் பணி தொடங்கி 2023 பிப்ரவரி இறுதி வரை நடந்தது. ஒரே பெயரில் பல இணைப்புகள் இருந்தால் இலவச மின்சாரம் நின்றுவிடும் என்ற அச்சம் பரவியது. ஒவ்வொரு இணைப்புக்கும் 100 யூனிட் தொடரும் என்று அரசு விளக்கியது. வாடகைதாரருக்கு இவ்விளக்கம் முக்கியமானது. அவர்கள் வாழும் வீட்டின் இணைப்பு பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

2023 ஜூலையில் 2.18 விழுக்காடு உயர்வு அறிவிக்கப்பட்டபோது வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றது. 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு உயர்வு வீடுகளையும் எட்டியது. 2025 ஜூலையில் 3.16 விழுக்காடு உயர்வை வீடுகளின் சார்பில் மீண்டும் அரசே ஏற்றது. 2024ல் கழகம் பிரிக்கப்பட்டு, பகிர்மானத்துக்குத் தனி நிறுவனம் அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் கூரைச் சூரியத் தகடுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதைப் பெறச் சொந்தக் கூரை வேண்டும்.

சமையல் எரிபொருள்

வீட்டு எரிசக்திச் செலவில் மின்சாரத்துடன் சமையல் எரிவாயுவும் சேரும். 2007ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கியது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அத்திட்டப் பயனாளிகளுக்கு 2022 மே முதல் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முழு விலையை முதலில் கட்டிவிட்டுப் பிறகு மானியம் பெறும் முறை இது. மின்கட்டணச் சலுகையோ பில்லிலேயே கழிந்துவிடும். கையில் பணம் குறைவாக உள்ள வாரக் கூலிக் குடும்பத்துக்கு இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

மதிப்பீடு

ஒரு விளக்கில் தொடங்கிய சலுகை, சுமார் அரை நூற்றாண்டில் ஒரு விசிறியும் தொலைக்காட்சியும் அடங்கிய அளவுக்கு விரிந்துள்ளது. ஆட்சிகள் மாறியபோதும் 100 யூனிட் இலவசம் தொடர்வது, அது கட்சி வேறுபாடின்றி ஏற்கப்பட்டுவிட்டதைக் காட்டுகிறது. தோல் தொழில் வட்டாரத்தில் எஞ்சியுள்ள இடைவெளிகள் மூன்று. ஒரே மீட்டரில் வாழும் வாடகைக் குடும்பங்கள் சலுகையை இழக்கின்றன. வீட்டிலிருந்து காலணி தைப்போருக்கும் பீடி சுற்றுவோருக்கும் நெசவாளரைப் போன்ற ஒதுக்கீடு இல்லை. மின்நிறுவனத்தின் கடன் வளர்ந்துகொண்டே போனால் சலுகையின் சுமை ஏதேனும் ஒரு வழியில் அதே குடும்பங்கள்மீது திரும்பும். முதல் இடைவெளியைப் போக்கப் புதிய நிதி அதிகம் தேவையில்லை. வரிசை வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் தனி மீட்டர் வைத்தால், இப்போது சட்டப்படி உள்ள சலுகையே அக்குடும்பங்களைச் சென்றடையும்.